திங்கட்கிழமைத் தாடிக்காரர்

"மேற்கோளுக்கு உரியவர் பெயர் விடுபட்டுள்ளது. திருத்தி அனுப்பினால்தான் கல்லில் பொறிக்க ஒப்புதல் தர முடியும்."

ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரியிடமிருந்து வந்த இந்தச் செய்தியை மருந்துக்கடையில் நின்றுகொண்டே படித்த கடுகுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிய பிறகு கோபம் வந்தது. கடுகு என்பது அம்மா வைத்த செல்லப்பெயர். ஆளின் உயரத்துக்கும் வாயின் காரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லி வைத்தது. நாற்பது வயது தாண்டி, மருந்தாளுநர் என்று வெள்ளைக் கோட்டு மாட்டிய பிறகும் வீட்டில் அவள் கடுகுதான்.

அம்மா அந்த ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்தவள். ஓய்வுபெற்று, ஓய்வெடுக்கத் தெரியாமல் கொஞ்ச காலம் தவித்து, போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். கூட வேலை பார்த்த பெண்கள் சும்மா இருக்கவில்லை. சலவைக்கூடத்துக்குப் பின்னால் அவர்கள் டீ குடிக்கிற முற்றத்தில் அவள் பெயரில் ஒரு கல் பெஞ்சு போட அனுமதி வாங்கினார்கள். சாய்மானத்தில் அம்மாவின் பெயர், அதன் கீழே அம்மா சொன்ன ஒரு வாசகம் என்று முடிவாயிற்று. எந்த வாசகம் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பெண் ரத்தக் கறையைப் பார்த்து முகம் சுளித்தாலும் சரி, வீட்டில் பிள்ளைகள் பரீட்சையைக் குறை சொன்னாலும் சரி, அம்மா சொல்வது ஒன்றுதான்.

"கறையைத் திட்டினா கறை போகாது. தண்ணியில கைய வைக்கணும்."

சும்மா வாய்ப்பேச்சும் இல்லை. வெந்நீர் இயந்திரம் பழுதாகி, எழுதிப் போட்ட மனுவெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தபோது, ஈரம் சொட்டும் போர்வை மூட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் அப்போதைய அதிகாரியின் மேசை மேலேயே போட்டவள் அவள். அடுத்த வாரம் புது இயந்திரம் வந்து இறங்கியது.

இப்போதைய அதிகாரி கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வரலாம். கடுகு நேரில் போய்க் கேட்டதும் இவர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டி, தண்ணீர் கொடுத்து, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், நான் எதையும் சரிபார்க்காம விடமாட்டேன்" என்று ஆரம்பித்தார். நுழைவாயில் சுவரில் யாரோ சொன்ன வாசகத்தைப் பெயர் போடாமல் எழுதிவைத்து, 'திருட்டு வாசகம்' என்று பத்திரிகையில் வந்து, மேலிடத்தில் இவர் கைகட்டி நின்ற கதை ஊருக்கே தெரியும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது.

அவர் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். ஆரஞ்சு நிற அஸ்தமனம். அதன் நடுவே நீண்ட வெண்தாடி, பாதி மூடிய கண்கள். பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரியும், எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்திய மகான். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதால் பெயரை விட்டுவிடுவோம். கடுகு அன்று முதல் அவரைத் தாடிக்காரர் என்றுதான் சொல்கிறாள். தாடிக்கு அடியில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'கறையைத் திட்டுவதால் கறை போவதில்லை, நீரில் கை வைக்க வேண்டும்.'

கடுகுக்கு அம்மாவின் புடவையை வேறு யாரோ கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றதுபோல் இருந்தது.

"சார், இது எங்கம்மா சொன்னது."

"சொல்லியிருப்பாங்க மேடம். நல்ல வாசகம்னா நாலு பேர் சொல்லத்தான் செய்வாங்க. ஆனா அவங்களோடது இல்லையே."

"அவங்களோடதுதான். எங்க வீட்டு அடுப்படியில சொன்னது. நான் சின்னப் பிள்ளையிலேருந்து கேட்டு வளர்ந்தது."

"அப்ப இதெல்லாம்?" அவர் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். தாடிக்காரர் கடலோரத்தில், மலையுச்சியில், தேநீர்க் கோப்பையில், பனியன் நெஞ்சில்.

"இவர் எந்தப் புத்தகத்துல சொன்னாரு? எங்கயாவது போட்டிருக்கா?"

"இத்தனை பேர் தப்பா போடுவாங்களா?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். "சரி, உங்கம்மா சொன்னதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா? எழுதி வெச்சது, பதிவு பண்ணினது?"

அம்மா பேசியதை யார் எழுதி வைத்தார்கள்? அம்மா பேச ஆரம்பித்தால் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஓடத்தான் தெரியும்.

தாடிக்காரர் பெயரோடு வாசகம், அல்லது வாசகமே இல்லாத பெஞ்சு. கல்தச்சர் காத்திருக்கிறார், வார முடிவுக்குள் சொல்லிவிடுங்கள் என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

கடுகு வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சேராததுமாகக் கைப்பேசியோடு உட்கார்ந்தாள். சீட்டு மாறி ஒட்டிய ஒரே ஒரு புட்டியைக் கடையில் கண்டால் அலமாரி முழுவதையும் இறக்கிப் பார்க்கிறவள் அவள். இங்கே ஊரில் உள்ள அலமாரியெல்லாம் சீட்டு மாறிக் கிடந்தது. 'தினம் ஒரு ஞானம்' என்ற பக்கத்துக்கு எழுதினாள், இது என் அம்மா சொன்னது என்று. சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று பதிலாக வந்தது. இன்னொரு பக்கத்தில் ஒருவர், "சகோதரி, மகான்களின் சொத்துக்கு ஆசைப்படாதீர்கள்" என்று புத்தி சொன்னார். ஓய்வுபெற்ற பேராசிரியர் என்று போட்டுக்கொண்ட ஒருவர், "இது அவரது மூன்றாம் தொகுதியில் உள்ளது, படித்துவிட்டுப் பேசவும்" என்று அடித்துச் சொன்னார். எந்தப் பக்கம் ஐயா என்று கேட்டாள். அவர் இவளைத் தடை செய்துவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் தொகுதியைத் தேடினாள். அந்த மனிதருக்கு இரண்டு தொகுதிதான் இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் என்று படங்கள் மங்கிக்கொண்டே போயின. எல்லாவற்றிலும் பழையதாகக் கிடைத்த படத்தில் தாடிக்காரரைச் சுற்றி ரோஜாப்பூ ஓரம் போட்டிருந்தது. அடியில் இருந்ததை யாரோ வெட்டியிருந்தார்கள். சரியாக வெட்டவில்லை. மூலையில் ஒரு குடையின் மேல்பாதி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டு.

அந்தக் குடையை அவளுக்குத் தெரியும். காப்பீட்டு முகவரான அவளுடைய அண்ணன், காசு கொடுத்து வரைய மாட்டேன் என்று தானே வரைந்து, கம்பி நீட்டிக்கொண்டிருப்பதைக் குடும்பமே கேலி செய்தும் மாற்றாமல், தன் விசிட்டிங் கார்டில் போட்டிருக்கும் குடை அது.

மறுநாள் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவன் சோபாவில் சாய்ந்து மறுநாளைக்கான படத்தைத் தயார் செய்துகொண்டிருந்தான். தன் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் காலை வணக்கம் அனுப்பாமல் பல் தேய்க்க மாட்டான்.

"இது நீ பண்ணினதா?" என்று கைப்பேசியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தான். முகம் மலர்ந்தது. "அட! நம்ம குடை! இது எங்க கிடைச்சுது உனக்கு?"

"அண்ணா, இது அம்மா சொன்னது."

"ஆமா, அம்மா சொன்னதுதான். ஒரே வாரத்துல நாலு பேர் பாலிசிய நிறுத்திட்டாங்க, உக்காந்து புலம்பிட்டிருந்தேன். அப்ப சொன்னாங்க. நெஞ்சுல தைச்ச மாதிரி இருந்துச்சு. மறுநாளே எல்லாருக்கும் அனுப்பிட்டேன். கொஞ்சம் நல்ல தமிழாக்கி."

"அப்ப அம்மா பேரு எங்க? இந்தத் தாடிக்காரர் எங்கேருந்து வந்தாரு?"

"அன்னைக்குத் திங்கட்கிழமைடீ" என்றான் அண்ணன், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

கடுகுக்குப் புரியவில்லை. அவன் பொறுமையாக விளக்கினான். முகம் இல்லாத படத்தை யாரும் திறப்பதில்லை. அதனால் கிழமைக்கு ஒரு முகம் வைத்திருந்தான். திங்கள் தாடிக்காரர், செவ்வாய் தளபதி, புதன் விஞ்ஞானி, வியாழன் மகாராணி, வெள்ளி புரட்சிக்காரர். சனியும் ஞாயிறும் வெறும் பூ. வாசகம் எங்கிருந்து வந்தாலும் அன்றைய கிழமைக்காரர் தலையில் எழுதிவிடுவது வழக்கம்.

"அப்ப இவங்கெல்லாம் எதையுமே சொன்னது இல்லையா?"

"சொல்லியிருப்பாங்க. அவ்வளவு பெரிய ஆளுங்க, எல்லாத்தையும் பத்தி ஏதாவது சொல்லித்தானே இருப்பாங்க?"

ஒரு நாள் தள்ளிப் புலம்பியிருந்தால் அம்மாவின் வாசகம் குதிரை மேல் வாளோடு போயிருக்கும். இரண்டு நாள் தள்ளியிருந்தால் சோதனைக்குழாய் பிடித்திருக்கும். கடுகுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் கத்திய கத்தலில் அண்ணி உள்ளேயிருந்து ஓடிவந்து, "மெதுவா பேசுங்க, மாடி வீட்டுல கதவைத் திறந்து வெச்சுக் கேக்கறாங்க" என்றாள்.

"ஏன்டீ குதிக்கற?" அண்ணனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "சலவைக்காரம்மா சொன்னாங்கன்னு போட்டா எவன் படிப்பான்? அவர் பேரைப் போட்டதாலதான் ஊரெல்லாம் போச்சு. அம்மா சொன்னது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கு, பாரு. அம்மாவுக்கு அது பெருமை இல்லையா? அவ்வளவு பெரிய மனுஷர் பக்கத்துல அம்மா."

"பக்கத்துல எங்க இருக்காங்க? காட்டு. எந்தப் படத்துல அம்மா இருக்காங்க?"

அண்ணன் கையிலிருந்த படத்தை ஒரு தடவை பார்த்தான். அதில் தாடிதான் இருந்தது. "நான் அப்படி நினைக்கலடீ" என்றான். அவன் குரல் இறங்கியதும் கடுகுக்குக் கோபத்தோடு அழுகையும் சேர்ந்துகொண்டது. திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அவனைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அண்ணன் அதிகாரி முன்னால் நின்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னான், திங்கட்கிழமை விவரம் உட்பட. அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முதல்ல அனுப்பின படம் இருக்கா சார்?"

இல்லை. அதற்குப் பிறகு அண்ணன் மூன்று கைப்பேசி மாற்றிவிட்டான்.

"ஒருவேளை நீங்க எங்கயோ படிச்சு அம்மாகிட்ட சொல்லி, அம்மா உங்ககிட்டயே திருப்பிச் சொல்லியிருந்தா? பெத்தவங்க மேல பாசம் எல்லாருக்கும் இருக்கும் சார். அதை நான் மதிக்கிறேன். ஆனா சரிபார்க்க முடியலையே."

வெளியே வந்ததும் அண்ணன், "அந்த மகான் பேரோட போட்டுடலாமா? வாசகமாவது இருக்குமே" என்றான். கடுகு அவனை ஒரு பார்வை பார்த்தாள். பெஞ்சில் அம்மாவின் பெயர் மட்டும் இருந்தால் போதும், கீழே இடம் காலியாகக் கிடக்கட்டும் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். அம்மாவுக்குச் சொந்தமென்று இருந்தது அந்த ஒரு வாசகம். அதை இன்னொருவர் பெயரில் அம்மாவின் பெஞ்சிலேயே வெட்டிவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பெஞ்சுத் திறப்பு விழாவில் அதிகாரி பேசினார். நன்றாகவே பேசினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கறையைத் திட்டுவதால் கறை போவதில்லை என்றார் ஒரு மகான். அந்த மகானின் வாக்கைத் தன் வாழ்க்கையாகவே வாழ்ந்து காட்டியவர் இந்த அம்மையார்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அந்த மகான் எந்த ஷிஃப்ட்டுல வேலை பாத்தாரு சார்?" என்று கடுகு கேட்டேவிட்டாள். பின்வரிசையில் சலவைப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரிக்குக் கேட்கவில்லை. நன்றி சொல்கிறாள் என்று நினைத்து அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு அண்ணனை என்னவோ செய்திருக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை அவனுடைய வாடிக்கையாளர்களுக்குத் தாடிக்காரர் போகவில்லை. அம்மா போனாள். வேலை அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம். கேமராக்காரனை முறைத்துக்கொண்டிருந்தாள். கீழே அம்மா சொன்னபடியே அந்த வாசகம், அதற்குக் கீழே பெயர், 'சலவைப் பிரிவு.' கடுகு அதைத் தன் கடையிலேயே திறந்து பார்த்துவிட்டு, மருந்து கேட்டு நின்றவரை ஒரு நிமிஷம் காக்கவைத்தாள். அண்ணனுக்கு வந்த பதில்களில் பாதி கட்டைவிரல். மீதி, "நல்ல படம். ஆனால் இது மகான் சொன்னது, திருத்தவும்."

"இருக்கட்டும்டீ. தினமும் அனுப்புவேன்" என்றான் அண்ணன். தினமும் அனுப்பினான். திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் அம்மாதான். கடுகு அவன் மேல் இருந்த கோபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்தாள்.

சில மாதம் கழித்து நிர்வாக அதிகாரியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பெஞ்சின் புகைப்படம். காலியாக விட்ட இடம் காலியாக இல்லை. அம்மாவின் பெயருக்குக் கீழே புத்தம் புதிதாக வெட்டியிருந்தது: 'பொறுமையே பெண்ணுக்குப் பெருமை.'

கூடவே அதிகாரி எழுதியிருந்தார். "தங்கள் தாயாரின் பொன்மொழி இணையமெங்கும் பரவியிருப்பது நம் ஆஸ்பத்திரிக்கே பெருமை. அன்று தங்களுக்கு ஏற்பட்ட மனக்குறையைப் போக்க நிர்வாகச் செலவிலேயே பொறித்துவிட்டோம். பல இடங்களில் சரிபார்த்தாயிற்று."

கடுகு தேடினாள். அதிக நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. அண்ணன் அனுப்பிய படத்திலிருந்து அம்மாவை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். முறைப்பைக் கணினியில் தடவித் தடவிப் புன்னகையாக்கி, அஸ்தமனத்தின் நடுவே உட்காரவைத்து, 'சலவைத் தாய்' என்று பட்டமும் கட்டியிருந்தார்கள். சலவைத் தாய் பொறுமையைப் பற்றிப் பேசினாள். குடும்ப கௌரவத்தைப் பற்றிப் பேசினாள். குனிந்து போகிற பெண் கோபுரம் ஏறுவாள் என்றாள். தேநீர்க் கோப்பையிலும் இருந்தாள்.

கடையை உதவிக்கு இருந்தவளிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அதிகாரி பாராட்டை எதிர்பார்த்து எழுந்து நின்றார்.

"சார், எங்கம்மா இதைச் சொல்லவே இல்ல."

அவர் முகம் வாடிப்போயிற்று. "அப்படியா? எல்லா இடத்துலயும் அவங்க பேரோட இருக்கே. படம்கூட அவங்கதானே?"

"படம் அவங்கதான். பேச்சு அவங்க இல்ல. எங்கம்மா பொறுமையா இருந்திருந்தா உங்க ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் இயந்திரமே வந்திருக்காது. இதைச் செதுக்கி எடுக்கச் சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். நிஜமாகவே உதவ வேண்டும் என்றுதான் அவருக்கும் இருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது.

"எடுக்கணும்னா மேலிடத்துக்குக் காரணம் எழுதணும் மேடம். அம்மா இதைச் சொல்லலைங்கறதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

கடுகு படியிறங்கி முற்றத்துக்குப் போனாள்.

டீ வேளை. பெஞ்சில் சலவைப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் தள்ளி இடம் கொடுத்தார்கள். "வந்து உக்காரு. பின்னால என்னமோ புதுசா வெட்டியிருக்காங்களே, அம்மா சொன்னதாமே, என்னது?" என்று கேட்டாள் இஸ்திரிப் பிரிவு அக்கா. அம்மாவோடு சேர்ந்து அந்த ஈர மூட்டையின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். "கண்ணாடி உள்ள இருக்கு. நீயே படி."

கடுகு படித்துக் காட்டினாள்.

"பொறுமையா?" என்றாள் அக்கா. "அவளா?"

சிரிப்பு அவளிடமிருந்துதான் கிளம்பியது. டீ சிந்தியது. அடுத்தவள் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெஞ்சு முழுவதும் குலுங்கியது. ஒருத்தி அம்மா மாதிரியே இடுப்பில் கையை வைத்து முறைத்துக் காட்ட, இன்னொருத்தி மூச்சு முட்டி இருமினாள். கடுகும் சிரித்தாள். கண்ணில் நீர் வழிய, வயிறு வலிக்க, அம்மா செத்த பிறகு முதல் தடவையாக அப்படிச் சிரித்தாள்.

டீ வேளை முடிந்து மணி அடித்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கடுகு மட்டும் உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கு இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு இந்த பெஞ்சில் உட்கார வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு, பாவம், நல்ல பொறுமைசாலி அம்மா என்று நினைத்துக்கொண்டு போவார்கள். சிரிப்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள்.